நாற்பது ரூமும் காலி

தன்னம்பிக்கை நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு தை அமாவாசையன்று இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் கவுண்டரில் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன். ஈர வேட்டியும் ஈரச் சேலையுமாக வந்து நின்றவர்களிடம், "உங்க பேரே இல்லையே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒருவர் இருவரிடம் அல்ல, கவுண்டரிலிருந்து வாசல்வரை நின்ற அத்தனை பேரிடமும். அதில் ஒருவர் அந்த லாட்ஜின் முதலாளி.

(பொறுங்கள், அவர் கதைக்கும் வருகிறேன்.)

என் அய்யா அந்த லாட்ஜில் மேனேஜர். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றும் மகளை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். வீடு உத்தரகோசமங்கையில், வேலை இராமேஸ்வரத்தில். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். வந்த அன்றைக்கும் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, "இருநூத்தி மூணுல தேனிக்காரக இருக்காக. அந்தப் பெரியவருக்குச் சுகரு. காப்பியில சீனி போட்டுறாதீக" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாற்பது ரூமில் யார் யார், எந்த ஊர், எப்போது வந்தார்கள், எப்போது கிளம்புவார்கள் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். பாதி நோட்டில், மீதி அவர் தலையில் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அந்த வருடம் மார்கழியில் மதுரையிலிருந்து முதலாளி ஃபோன் செய்தார். ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். லாட்ஜை அவர்களிடம் விட்டால் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடக்குமாம், மேனேஜர் என்று ஒரு ஆளே வேண்டியதில்லையாம். "தை அமாவாசைக்குத் தர்ப்பணம் குடுக்க நானே வாரேன். அப்பப் பேசிக்கிருவோம்" என்று வைத்துவிட்டார்.

அய்யாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் மட்டும், "அம்பத்தி நாலு வயசுக்கு மேல நான் எங்கன போயி வேல கேட்டு நிக்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொன்னபோது எனக்கும் பயம்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று என் வாய் முந்திக்கொண்டது.

"இம்புட்டுத்தானா? கம்ப்யூட்டர்தான வேணும், நான் போட்டுத் தாரேன். முதலாளி அசந்து போயிருவாரு பாருங்க."

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்து ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடியது கட்டிலில் படுத்தபடி, ஃபோனில்.) டேட்டாபேஸ் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். அந்த ஒரு மார்க்கை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத டேட்டாபேஸ் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன்.

லாட்ஜில் ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. யாரோ ஒரு காலத்தில் வாங்கி வைத்தது. அய்யா தினமும் காலையில் அதைத் துடைத்து, சாமி படத்துக்கு வைக்கும் பூவில் ஒன்றை அதற்கும் வைப்பார். அதைத் தவிர அவருக்கும் அதற்கும் போக்குவரத்து கிடையாது. நான் பூவை எடுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் அய்யாவுக்கு விளக்கினேன். "ரிலேஷனல் டேட்டாபேஸ்னு பேருய்யா. ரூமுகளுக்கு ஒரு டேபிள், ஆளுகளுக்கு ஒரு டேபிள். எந்த ஆளு எந்த ரூமுல இருக்காகன்னு ரெண்டையும் சேத்து வைக்க இன்னொரு டேபிள். மொத்தம் மூணு."

"மூணு நோட்டாத்தா?"

"நோட்டு இல்லய்யா, டேபிள். கட்டம் போட்ட பட்டியல்."

அய்யா தன் நீள நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஒரே நோட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிக்கிட்டா என்ன?"

நான் சிரித்தேன் பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்பை இன்றைக்கு யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அங்கேயே அறைந்துவிடுவேன்.

டேபிள்களை ஒவ்வொன்றாகக் கையால் போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றுமில்லை, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி வைப்பது. விசேஷ வீட்டில் சமையல்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. கம்ப்யூட்டர் அதை மேலிருந்து கீழே அதுபாட்டுக்குச் செய்துகொண்டே போகும், ஏன் என்று கேட்காது.

என் ஸ்கிரிப்டின் முதல் வரி, பழைய டேட்டாபேஸ் இருந்தால் அதை அழி. இரண்டாவது வரி, புதிதாக ஒன்றை உருவாக்கு. பிறகு மூன்று டேபிள்களையும் போடு. கடைசியாக நாற்பது ரூம்களையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் எதிரில் 'காலி' என்று எழுது. காலி ரூம் திரையில் பச்சையாகத் தெரியும், ஆள் இருந்தால் சிவப்பாகிவிடும்.

அந்த முதல் வரி எதற்கு என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும் எதையாவது தப்பாகச் செய்து தொலைத்தேன். தப்பை அழித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க அந்த வரி மிகவும் வசதியாக இருந்தது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டிருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அதோடு விட்டேனா? அய்யாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாதே என்று, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த ஸ்கிரிப்ட் தானாக ஓடும்படி வைத்தேன். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரும் தானாக எழுந்துகொள்ளும்படி வைத்தேன். யாரும் ஒரு பட்டனைக்கூடத் தொட வேண்டாம்.

அமாவாசைக்கு முந்தைய நாள் அதை இருபது தடவையாவது அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாற்பது ரூமும் பச்சைப் பசேலென்று வயல் மாதிரி வந்து நின்றன. என்ன அழகு! ரூமில் ஆள் இருக்கும்போது அணைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இந்த முதல் மார்க் மண்டைக்குத் தோன்றவில்லை.

கவுண்டரில் அய்யாவுக்குத் துணையாக இருக்கும் ராமசாமி அண்ணன்தான் கேட்டார், "ஏம்மா மங்கை, கரண்டு போனா என்ன செய்ய?"

"யூபிஎஸ் இருக்குல்லண்ணே."

யூபிஎஸ் இருந்தது. மேசைக்கு அடியில் கம்பீரமாக இருந்தது. உள்ளே பேட்டரி என்றைக்கோ செத்துப்போய்ப் பலாக்கொட்டை மாதிரி உப்பிக் கிடந்தது எனக்குத் தெரியாது. அந்த ஊர்க் கடல்காற்று தின்னாத இரும்பு இல்லை, இதை மட்டும் விட்டுவைக்குமா?

அய்யாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "நோட்டுலயும் ஒரு வரி எழுதிக்கிருவமாத்தா? ஒரு தைரியத்துக்கு."

"ரெண்டு எடத்துல எழுதுனா எதுக்குய்யா சிஸ்டம்?" என்று நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. தை அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்வது, பாம்பன் பாலத்திலிருந்து வண்டி வரிசை நிற்கும். அய்யாவைக் கவுண்டரில் உட்காரவே விடவில்லை. "நீங்க போயி முதலாளியக் கூட்டிக்கிட்டு வாங்க, இங்கன நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். வந்தவர்களின் பெயரை நானே தட்டினேன். ஆதார் ஜெராக்ஸை வாங்கித் தட்டில் போட்டேன். ஜெராக்ஸில் ரூம் நம்பரை எழுதப்போன ராமசாமி அண்ணனையும் தடுத்தேன். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே!" மேல்மாடியில் கடலைப் பார்த்த முன்னூற்று ஒன்றை 'முதலாளி' என்று போட்டு எல்லோருக்கும் முந்திச் சிவப்பாக்கி வைத்திருந்தேன். ஏழு மணிக்குள் முப்பத்து மூன்று ரூம் சிவந்துவிட்டது.

இங்கே ஒரு ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, தர்ப்பணம் கொடுத்து, அப்புறம் கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளிக்கப் போகிறவர்கள் கட்டிய துணியோடுதான் போவார்கள். நனையப் போகிற துணியில் சாவியை எங்கே முடிவது? அதனால் போகும்போது சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கி ஆணிப் பலகையில் மாட்டுவோம். இராமேஸ்வரத்து லாட்ஜில் சாவி பலகையில் தொங்கினால் ஆள் குளிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம், ரூம் காலி என்று அர்த்தமில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு மேல் சாவிகள் வரிசையாகப் பலகைக்கு வந்தன. கவுண்டர் கொஞ்சம் ஓய்ந்தது. நான் ராமசாமி அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் ஒரு காபி குடித்தேன். குடித்துக்கொண்டே, முதலாளி என்ன சொல்லிப் பாராட்டுவார், நான் எப்படி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன் என்பதை இரண்டு மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். அந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. ராமசாமி அண்ணன் பின்கட்டுக்கு ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார். அது பழைய வண்டி, பக்கத்தில் ஆள் நின்றால்தான் ஓடும், அதனால் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, கவுண்டரில் ஆள் இல்லை. திரையில் நாற்பது ரூமும் பச்சை.

நியாயமாகப் பார்த்தால் ஒரு சாதாரண மனுஷிக்கு அங்கேயே நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பலகையைப் பார்த்தேன், சாவியெல்லாம் தொங்குகின்றன. ஆக, குளித்து முடித்து எல்லோரும் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், ராமசாமி அண்ணனும் சுறுசுறுப்பாக எல்லாப் பெயரையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார், என்னே என் சிஸ்டத்தின் வேகம்!

வாசலில் அடுத்த கூட்டம் நின்றது. ரூம் இருக்கிறதா என்று அவர்கள் பயந்து பயந்து கேட்டார்கள்.

"எத்தனை வேணும்?" என்றேன் மகாராணி மாதிரி.

ரூம்களைத் துப்புரவு செய்யும் பஞ்சவர்ணம் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து என் காதருகே, "ஏத்தா, ரூமுகள்ல பெட்டி படுக்கையெல்லாம் கெடக்கே. ஆளு போன மாதிரித் தெரியலயே?" என்றார்.

"மறந்துட்டுப் போயிருப்பாகக்கா."

"முப்பது ரூமுக்காரகளுமா?"

"அக்கா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

இந்த ஒரு வாக்கியத்தை என் கல்லறையில் எழுதி வைப்பதாக என் தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறான்.

அரைமணி நேரத்தில் பதினேழு ரூம்களை இரண்டாம் தடவையாகக் கொடுத்தேன். திருப்பூரிலிருந்து வந்த பதினோரு பேர் கடல் தெரிகிற ரூம் வேண்டுமென்றார்கள். முன்னூற்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். அதை யாருக்கோ வைத்திருந்தோமே என்று ஒரு நினைவு ஈ மாதிரி வந்தது. பச்சையாக இருந்ததால் அதை விரட்டிவிட்டேன்.

முதல் ஈரக் குடும்பம் ஒன்பதரை மணிவாக்கில் வந்தது. பொள்ளாச்சிக்காரர், மனைவி, இரண்டு பிள்ளைகள். தலையிலிருந்து சொட்டுகிறது.

"ஏனுங்க அம்மிணி, நூத்தியொண்ணு சாவி குடுங்க."

"உங்க பேரு சார்?"

சொன்னார். தட்டிப் பார்த்தேன். "உங்க பேரே இல்லையே சார்."

"இல்லீங்களா? காத்தால உங்ககிட்டத்தானுங்க பேரு சொன்னேன். இதே சேருல நீங்கதான் உக்காந்திருந்தீங்க."

"இந்த லாட்ஜா சார்? நல்லா யோசிச்சுப் பாருங்க. இந்தத் தெருவுல எல்லா லாட்ஜும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் யோசித்தார். பாவம், என் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்து, வாசலுக்குப் போய் போர்டைப் படித்துவிட்டு வந்தார். "இதே லாட்ஜுதானுங்க. என்ற ஆதாரு ஜெராக்ஸு கூடக் குடுத்தனுங்களே!"

பஞ்சவர்ணம் அக்கா தட்டிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு அவர் பக்கம் இருந்தன. நான் திரையின் பக்கம் நின்றேன்.

அதற்குள் பின்னால் இன்னொரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று. யார் பெயரும் இல்லை. எல்லோரும் ஈரம். வரவேற்பறைத் தரையே இருபத்து மூன்றாவது தீர்த்தமாகிவிட்டது. ஒரு அம்மா குளிரில் பல் கிட்டிப்போய், "ஆத்தா, பேரு இல்லாட்டிப் போகுது, எஞ் சேலைய மட்டும் எடுத்துக் குடு" என்று கெஞ்சினார். மாடியில் யாரோ யாரையோ, "யாருய்யா நீ, என் கட்டில்ல படுத்துருக்க?" என்று கத்துவது கேட்டது.

இவ்வளவுக்கும் நடுவில், வரிசையை மதித்துப் பொறுமையாக ஒரு பெரியவர் வந்து நின்றார். ஈர வேட்டி, வெற்று உடம்பு, தலையில் நாலைந்து முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தன.

"முன்னூத்தியொண்ணு சாவி குடும்மா."

"பேரு?"

"சொக்கலிங்கம்."

"உங்க பேரும் இல்ல சார்."

"எனக்கும் இல்லையா? நல்லாப் பாரும்மா."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எத்தனை தடவ பாத்தாலும் இல்லாத பேரு வராது சார். பக்கத்து லாட்ஜா இருக்கும். ஈரத்தோட நிக்காம போயிக் கேட்டுப் பாருங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், இரண்டு கைகளிலும் பெட்டியோடு என் அய்யா நின்றார். காரிலிருந்து இறங்கியதும் முதலில் கடல், பிறகுதான் ரூம் என்று அவர்கள் நேராகக் குளிக்கப் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏத்தா," என்றார் அய்யா. "இவுகதான் முதலாளி."

நான் என் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த முதலாளியின் போட்டோவை நிமிர்ந்து பார்த்தேன். போட்டோவில் சட்டை இருந்தது. முடியும் இருந்தது. மூக்கு மட்டும் அதே மூக்கு.

அந்த நேரம் பார்த்து ராமசாமி அண்ணன் கையெல்லாம் டீசலோடு பின்கட்டிலிருந்து வந்தார். "மங்கை, கரண்டு வந்துருச்சு. போனப்ப கம்ப்யூட்டர் அணஞ்சுபோச்சும்மா, அந்த யூபிஎஸ்ஸு டப்பா வேல செய்யல. அப்புறம் அதுவா எந்திரிச்சுக்கிருச்சா? நீ சொன்ன மாதிரியே நான் ஒண்ணையும் தொடல."

ஸ்கிரிப்டின் முதல் வரி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பழையது இருந்தால் அழி. நான் சொன்னதை அது அப்படியே செய்திருந்தது.

முதலாளி மெதுவாகத் திரும்பி அந்த ஈரக் கூட்டத்தைப் பார்த்தார். "யாரு பாத்த வேல இது?"

அய்யா பெட்டிகளைக் கீழே வைத்தார். "நான்தான் முதலாளி. தெரியாத்தனமா ஏதோ ஒரு பட்டன அமுக்கிப்புட்டேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. பிள்ள மேல தப்பு இல்ல."

கம்ப்யூட்டருக்குப் பூ வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத மனுஷன். எந்த வேலைக்காகப் பயந்து பயந்து ஒரு மாதமாகச் சாப்பிடாமல் கிடந்தாரோ, அந்த வேலையை என் தலைக்குப் பதிலாக எடுத்து நீட்டுகிறார். இந்த இடத்தில் எந்த மகளாக இருந்தாலும் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருப்பாள். நானும் உண்மையைச் சொன்னேன். ஆனால் சத்தியமாக நேர்மையினால் இல்லை, கோபத்தினால்.

"அப்படி ஒரு பட்டனே கெடையாது!" என்று கத்தினேன். "என் சிஸ்டத்துல தெரியாத்தனமா அமுக்கி அழிக்கிற மாதிரி ஒரு பட்டன நான் வைப்பனா? அழிக்கிறதுக்குன்னே வரி எழுதி வச்சேன் சார், என் கையால எழுதுனேன். அய்யா கிட்டக்கூட வரல!"

அய்யா தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. அடுத்தடுத்து மூன்று தும்மல்.

"மொதல்ல எனக்குத் துணி மாத்த ஒரு ரூமு குடும்மா தாயே," என்றார். "அப்புறம் மத்ததப் பேசுவோம்."

எங்கே இருக்கிறது ரூம்? மீதி இருந்த ஏழெட்டு ரூம்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. பஞ்சவர்ணம் அக்காதான் சலித்துக்கொண்டே சொன்னார்: "முன்னூத்தியொண்ணுல இருக்குற பதினோரு பேரும் துண்டக் கட்டிக்கிட்டு இப்பத்தேன் குளிக்கக் கெளம்பி நிக்கிறாக. அவுக போனா இந்தக் கூட்டத்துல திரும்பி வர மூணு மணி நேரமாகும்."

என் மூளை (அன்றைக்கு முதல் தடவையாக) வேலை செய்தது. முதலில் வந்தவர்கள் எல்லோரும் குளித்துவிட்டார்கள், துணி மாற்ற வேண்டும், மத்தியானம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாவதாக வந்த யாரும் இன்னும் குளிக்கவில்லை, கடலுக்குப் போக வேண்டும். ஒரு ரூமுக்கு ஒரு குடும்பம் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், டேபிள் போடும்போது. அதை மாற்றினால் போயிற்று.

கவுண்டர் மேல் ஏறி நின்றேன். "குளிச்சவங்க எல்லாம் காலைல தங்குன ரூமுக்கே போங்க! குளிக்காதவங்க எல்லாம் ஒடனே குளிக்கக் கெளம்புங்க! பெட்டிக்கு நாங்க பொறுப்பு!"

அய்யா அடுத்த நொடியே படியில் ஏறினார். ரூம் ரூமாகக் கதவைத் தட்டி, கும்பிட்டு, "பெரிய மனசு பண்ணனும்" என்று ஆரம்பித்தால் அவரிடம் யாரால் கோபித்துக்கொள்ள முடியும்? பஞ்சவர்ணம் அக்கா குளித்தவர்கள் பெட்டியை ஜன்னல் பக்கமும், குளிக்காதவர்கள் பெட்டியைக் கதவுப் பக்கமும் தள்ளி வைத்தார். இருநூற்று நாலில் புதிதாகப் போன ஒருவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டார். பழைய குடும்பம் ஈரத்தோடு வெளியே நிற்க, நான் நடந்த கதை முழுவதையும் கதவிடுக்கு வழியாகக் கத்திச் சொல்லி எழுப்பினேன். நூற்றியொன்றில் போய்ப் பார்த்தால், பொள்ளாச்சிக்காரர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் புதிதாக வந்த தஞ்சாவூர்க் குடும்பம் பாதி சாப்பிட்டு முடித்திருந்தது.

"ரூமோட சேத்துக் குடுக்கிறதுன்னு நெனச்சோம்," என்றார் அந்தக் குடும்பத் தலைவர், கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"நெசமாலுமே நல்லா இருந்துச்சுங்களா?" என்றார் பொள்ளாச்சிக்காரர் மனைவி. அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

பதினொரு மணிக்கெல்லாம் லாட்ஜ் அடங்கிவிட்டது. ஒரு பாதி கடலில் இருந்தது, ஒரு பாதி ரூமில் இருந்தது. நான் பீரோவைத் திறந்து நீள நோட்டை எடுத்து, ரூம் ரூமாகப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தடவை திட்டு வாங்கினேன். வாங்கித்தானே ஆகவேண்டும்?

சாயங்காலம் முதலாளி கிளம்பும்போது, சட்டையோடும் ஒழுங்காக வாரிய முடியோடும், போட்டோவில் இருந்தபடியே வந்தார். அய்யாவைக் கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"அந்தக் கம்பெனிக்காரனுக என்ன சொன்னானுக தெரியுமா? கம்ப்யூட்டர் போட்டா லாட்ஜுக்கு மேனேஜரே தேவையில்லைன்னானுக." முதலாளி ஒரு தும்மலைப் போட்டார். "மேனேஜர் இல்லாத கம்ப்யூட்டர் எப்படி இருக்கும்னு உம்ம மக எனக்கு இன்னைக்குக் காட்டிட்டா. நீரே இருந்து பாரும். அவளக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் உக்கார வைக்காதேயும்."

அய்யா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன், இரண்டும்தான். அன்றைக்கு அவர் நாலு தோசை சாப்பிட்டார். ஆக, நான் சொன்னபடியே அய்யாவின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று வீட்டில் ஆளுக்கு ஆள் ஒரு வியாக்கியானம் சொல்வார்கள், அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மறுநாளே ஸ்கிரிப்டைத் திருத்தினேன். ஏற்கெனவே இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட யாரையும் அழிக்கவில்லை. இப்போது சென்னையில் எனக்கு இதே வேலைதான், பெரிய பெரிய இடங்களுக்கு டேட்டாபேஸ் போட்டுக் கொடுக்கிறேன், நன்றாகவே செய்கிறேன். நான் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, தமிழில் ஒரு வரி இருக்கும்: 'குளிக்கப் போனவர்கள் திரும்பி வருவார்கள்.' கூட வேலை பார்ப்பவர்கள் அதை ஏதோ பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அய்யா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். என் வீட்டுக்கு வந்தால், குளித்துவிட்டு நேராக ஹாலுக்கு வந்து, ஈரத் தலையோடு, தோளில் துண்டைப் போட்டபடி என் முன்னால் நிற்பார். என் மாமியார் சமையலை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார். என் வீட்டுக்காரர் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

"ஏத்தா, எம் பேரு இருக்கா? இல்ல, பக்கத்து வீட்டுல போயிக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"இருக்குய்யா," என்பேன். "மொத வரியே உங்க பேருதான்."

அதைக் கேட்ட பிறகுதான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுவார்.